பெரிய கப்பலா, சின்னக் கப்பலா? அம்மாவை எதில் அழைத்துச் செல்வது?

கல்மண்டபம் · ஞாயிறு, காலை 7.15

அனைவருக்கும் வணக்கம். நாங்கள் மூன்று தலைமுறையாகச் சென்னை இராயபுரத்தில் இருப்பவர்கள். வரும் தை மாதம் அம்மாவுக்கு எழுபது வயது நிறைகிறது. கடலுக்கும் எங்கள் வீட்டுக்கும் பத்து நிமிட நடைதான் தூரம். ஆனாலும் அம்மா இதுவரை ஒரு கப்பலில்கூடக் கால் வைத்ததில்லை. சுற்றிலும் அடுக்குமாடிகள் எழும்புவதற்கு முன்பு, இரவில் மொட்டைமாடியில் பாயை விரித்தால் துறைமுகத்துக்கு வெளியே நங்கூரமிட்டு நிற்கும் கப்பல்களின் விளக்குகள் வரிசையாகத் தெரியும். அவற்றை எண்ணச் சொல்லித்தான் அம்மா எங்களுக்குச் சோறு ஊட்டினார்.

எழுபதாவது பிறந்த நாளைக் கப்பலில் கொண்டாட வேண்டும் என்பது எங்கள் எல்லோருக்கும் ஆசை. சிங்கப்பூரிலிருந்து புறப்படும் ஜென்டிங் ட்ரீம் கப்பலில் மூன்று இரவுப் பயணம் போகலாம் என்கிறான் தம்பி. அது 335 மீட்டர் நீளம், ஒன்றரை லட்சம் டன். கப்பல் பெரிதாக இருந்தால்தான் அம்மாவுக்கு வசதி என்பது அவன் வாதம்.

எனக்கு மனம் ஒப்பவில்லை. இத்தகைய கப்பல்களின் படங்களை இரண்டு நாட்களாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். 2024 ஜனவரியில் மயாமியிலிருந்து முதல் பயணம் தொடங்கிய ஐகான் ஆஃப் த சீஸ் கப்பலில் இருபது தளங்கள், ஏழு நீச்சல் குளங்கள், ஆறு சறுக்குகள். ஓர் அறைக்கு இருவர் என்று கணக்கிட்டாலே 5,610 பயணிகள். நிரப்பினால் 7,600 பேர். ஊழியர்கள் 2,350 பேர் தனி. எங்கள் தெருவையும் அக்கம்பக்கத் தெருக்களையும் சேர்த்துத் தூக்கி வைத்தாலும் அதில் இடம் மீதி இருக்கும். ஆனால் படத்துக்குப் படம் தேடினேன், ஒருவர்கூடக் கடலைப் பார்த்துக்கொண்டு நிற்கவில்லை. கடலை மறப்பதற்குத்தான் இவ்வளவு பெரிய கப்பலா? ஆண்டுக்கு ஆண்டு இவற்றை இன்னும் பெரிதாகக் கட்டிக்கொண்டே போவதற்கு என்ன காரணம்? போய் வந்தவர்களும் கப்பல் தொழில் தெரிந்தவர்களும் சொல்லுங்கள்.

தண்டையார்பேட்டைத் தமிழச்சி · ஞாயிறு, காலை 8.02

தம்பி சொல்வதுதான் சரி. போன ஆண்டு என் மாமியாரைச் சிங்கப்பூரிலிருந்து அப்படி ஒரு பெரிய கப்பலில் அழைத்துப் போனோம். அவருக்கு இரண்டு முழங்காலும் தேய்ந்துவிட்டன. சக்கர நாற்காலியை வாசலிலிருந்து சாப்பாட்டுக் கூடம் வரை ஒரு படிகூட ஏற்றாமல் தள்ளிக்கொண்டு போனேன். லிப்ட் இருந்தது, மருத்துவர் இருந்தார், சைவச் சாப்பாடு தனியாகக் கிடைத்தது. இரவில் கப்பல் ஓடுகிறதா நிற்கிறதா என்றே தெரியவில்லை. நம் தெருக்களில் சக்கர நாற்காலியைப் பத்தடி தள்ள முடியுமா? கால் முடியாதவர்களுக்கு அந்தப் பிரமாண்டம் ஒரு விடுதலை. அதை வெறும் ஆடம்பரம் என்று தள்ளிவிடாதீர்கள்.

வண்ணை மாணவன் · ஞாயிறு, காலை 9.30

ஐகான் கப்பல் 2,48,663 டன் என்று படித்தேன். டைட்டானிக் 46,328 டன். ஐந்து மடங்குக்கும் மேல் எடை கூடிய ஒன்று எப்படி மிதக்கிறது?

எஞ்சின் அறை · ஞாயிறு, காலை 11.10

இதில் எல்லோரும் தடுக்கி விழுகிறார்கள், தம்பி. அந்த எண் எடையைக் குறிப்பதே இல்லை. கிராஸ் டன்னேஜ் என்பது கப்பலுக்குள் அடைபட்டிருக்கும் இடத்தின் கன அளவிலிருந்து கணக்கிடும் எண். 1969ஆம் ஆண்டுப் பன்னாட்டு உடன்படிக்கை அதற்கு ஒரு சூத்திரம் வகுத்தது. டைட்டானிக் காலத்தில் முறையே வேறு. நூறு கன அடிக்கு ஒரு டன் என்று எண்ணினார்கள். எனவே பழைய கப்பலையும் புதிய கப்பலையும் ஒப்பிடும்போது தோராயமாகவே கொள்ள வேண்டும். உண்மையில் அந்தப் பெரிய கப்பல் தண்ணீருக்குள் அமிழ்ந்திருப்பது ஒன்பது மீட்டரைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான். மற்றதெல்லாம் தண்ணீருக்கு மேலே நிற்கும் காற்றும் அறைகளும்.

கல்மண்டபம் அவர்கள் கேட்ட கேள்விக்கு வருகிறேன். 1988இல் சாவரின் ஆஃப் த சீஸ் 73,000 டன்னில் வந்தபோது உலகமே வாய் பிளந்தது. 1996இல் கார்னிவல் டெஸ்டினி ஒரு லட்சத்தைத் தாண்டியது. 1999இல் வாயேஜர் 1,37,000. 2009இல் ஒயாசிஸ் 2,25,000. காரணம் எளிது. கப்பல் இரண்டு மடங்கு பெரிதானாலும் கேப்டன் ஒருவர்தான், மேல்தட்டு அதிகாரிகளும் ஏறத்தாழ அதே எண்ணிக்கைதான். ஒரு பயணிக்கு ஆகும் எரிபொருள் குறைகிறது, கட்டுமானச் செலவும் குறைகிறது. அந்த மிச்சத்தில் டிக்கெட்டை மலிவாக விற்கிறார்கள். பிறகு பயணி உள்ளே செலவழிக்கும் பணத்தில் இலாபம் பார்க்கிறார்கள்: மது, சூதாட்டக் கூடம், கடைகள், தனிக் கட்டண உணவகங்கள், இணையம். பயணி துறைமுகத்தில் இறங்கிச் செலவழிக்கும் ஒவ்வொரு ரூபாயும் கப்பலுக்குள் செலவாகாத ரூபாய். இந்த ஒரு வரியை மனத்தில் வைத்துக்கொண்டால், கப்பலுக்குள்ளேயே ஓர் ஊரைக் கட்டுவது ஏன் என்பது விளங்கிவிடும்.

கப்பல் அகலமாக ஆக, நடுவில் இருக்கும் அறைகளுக்கு வெளிச்சம் கிடைக்காது. ஒயாசிஸ் கப்பலில் மேற்கட்டுமானத்தை இரண்டாகப் பிளந்து நடுவில் வானம் பார்த்த பூங்கா வைத்தார்கள். அந்தப் பூங்காவை நோக்கியும் பால்கனி அறைகள் உண்டு. ஆகவே எந்தக் கப்பலில் போனாலும் பால்கனி என்ற சொல்லை மட்டும் நம்பிப் பணம் கட்டிவிடாதீர்கள். கடலைப் பார்த்த பால்கனிதானா என்று கேட்டு, அறை எண்ணைத் தள வரைபடத்தில் நீங்களே தேடிப் பாருங்கள்.

பழைய ஹார்பர் · ஞாயிறு, மாலை 4.45

எனக்கு எழுபத்தெட்டு வயது. துறைமுகத்தில் டாலி கிளார்க்காக, அதாவது ஏற்றி இறக்கும் சரக்கை எண்ணிக் குறிப்பவனாக, இருந்து ஓய்வு பெற்றவன். டன் கணக்கைப் பார்த்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

ரஜூலா என்ற கப்பலை உங்கள் தாத்தாக்களைக் கேட்டால் சொல்வார்கள். பிரிட்டிஷ் இந்தியா கம்பெனிக்காக 1926இல் கட்டியது. மெட்ராஸ், நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று ஐம்பது ஆண்டுகளுக்குச் சற்றுக் குறைவாக ஓடியது. அளவு 8,478 டன். தொடக்கத்தில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட தளப் பயணிகளை ஏற்ற அதற்கு உரிமம் இருந்தது. கல்மண்டபம் எழுதிய எண்ணை மறுபடி பாருங்கள். ஐகானில் 5,610 பேர். ஏறக்குறைய அதே எண்ணிக்கை மனிதர்களுக்கு இன்று முப்பது மடங்கு இடம்!

என் தந்தை ரஜூலாவில்தான் பினாங்கு போனார். தளத்தில் பாயை விரித்து இடம் பிடிக்க வேண்டும். டிரங்குப் பெட்டியே தலையணை. கடல் சீறினால் பெட்டிகள் ஒரு பக்கமிருந்து மறுபக்கம் சறுக்கும், பாதிப் பேர் வாந்தியில் சுருண்டு கிடப்பார்கள் என்று சொல்வார். அதை நான் பொற்காலம் என்று சொல்லமாட்டேன். பிழைப்புக்காகப் போனவர்கள், வேறு வழியில்லாமல் சகித்தார்கள். பெரிய கப்பல் தந்த வசதியைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் ரஜூலா வந்து நின்றால் பாரிமுனையிலிருந்து மண்ணடி வரை அடுப்பு அணையாது. வழியனுப்ப வந்தவர்கள், சுமை தூக்குபவர்கள், பாய் விற்பவர்கள், பூ விற்பவர்கள், புறப்படும் நாள் வரை தங்குவதற்குச் சத்திரங்கள். கப்பல் சின்னது, கரை முழுவதும் அதற்கு வேலை செய்தது.

அதற்குப் பின் வந்தது எம்.வி. சிதம்பரம். 1985 பிப்ரவரியில் நடுக்கடலில் அதில் தீப்பிடித்துப் பலர் இறந்தார்கள். அந்த வாரம் துறைமுகத்தில் யாரும் உரக்கப் பேசவில்லை. அத்தோடு சிங்கப்பூர்க் கப்பல் ஓய்ந்தது.

மண்ணடி வியாபாரி · ஞாயிறு, இரவு 8.20

ஐயா எழுதியதைப் படித்ததும் என் பாட்டனார் கடை நினைவுக்கு வந்தது. ஆனால் அந்தக் காலம் திரும்ப வர வேண்டுமென்றால் கப்பல் வர வேண்டுமே! 2022 ஜூனில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் கொடியசைத்து எம்ப்ரஸ் என்ற சொகுசுக் கப்பலை இங்கிருந்து அனுப்பி வைத்தார். அடுத்த ஆண்டு ஜூனில் அதே கப்பல் இங்கிருந்து இலங்கைக்குப் போனது: அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை. துறைமுகத்தில் கப்பல் பயணிகளுக்கென்று முனையமும் கட்டினார்கள். கப்பல் சுற்றுலாவை வளர்க்க மத்திய அரசு 2024 செப்டம்பரில் குரூஸ் பாரத் இயக்கத்தையும் அறிவித்தது. நான் சொல்வது இதுதான்: சின்னது பெரிது என்று பார்க்காமல் எல்லாக் கப்பலும் வரட்டும். பெரிய கப்பல் வந்தால் ஒரே நாளில் ஐயாயிரம் பேர் இறங்குவார்கள். அதில் ஐந்நூறு பேர் பாரிமுனைப் பக்கம் நடந்தால் போதும், எங்கள் தெரு பிழைத்துக்கொள்ளும்.

எஞ்சின் அறை · ஞாயிறு, இரவு 9.05

அந்த ஐந்நூறு பேர் நடந்து வருவார்களா என்பதுதான் கேள்வி, பாய். காலையில் இறங்குவார்கள், வாசலில் குளிர்சாதனப் பேருந்துகள் நிற்கும், மகாபலிபுரம் போவார்கள், மாலையில் ஏறிவிடுவார்கள். கரிபியன் கடலில் இதைவிட மோசம். பெரிய கம்பெனிகள் தமக்கென்றே தீவுகளை வைத்திருக்கின்றன. பகாமாஸில் கோக்கோகே தீவை 2019இல் ராயல் கரிபியன் கேளிக்கைப் பூங்காவாகவே மாற்றிவிட்டது. அங்கே இறங்கினாலும் நீங்கள் அந்தக் கம்பெனியின் கடைக்குள்தான் இறங்குகிறீர்கள்.

வெனிஸ் நகரம் அலுத்துப்போய்க் கதவைச் சாத்தியது. 2021 ஆகஸ்ட் முதல் 25,000 டன்னுக்கு மேற்பட்ட கப்பல்கள் அங்குள்ள சான் மார்கோ பக்கமோ ஜூடெக்கா கால்வாயிலோ நுழையக் கூடாது. நம் ஊரில் நாம் அண்ணாந்து பார்த்த எம்ப்ரஸ் 48,563 டன். 1990இல் கட்டிய அந்தக் கப்பல் இன்றைய உலகக் கணக்கில் சின்னது. வெனிஸ் கணக்கில் அதற்கே அனுமதி இல்லை. அலாஸ்காவின் ஜூனோ நகரம் 2024 முதல் நாளொன்றுக்கு ஐந்து பெரிய கப்பல்கள் என்று வரம்பு வைத்தது. அந்த ஊர்களெல்லாம் கப்பலால் பிழைத்த ஊர்கள் என்பதையும் நினைத்துப் பாருங்கள்.

மண்ணடி வியாபாரி · ஞாயிறு, இரவு 9.22

வயிறு நிறைந்தவர்கள் பந்தியிலிருந்து எழுந்திருக்கிறார்கள். நமக்கு இன்னும் இலையே போடவில்லை, அண்ணா.

காசிமேட்டுக்காரன் · திங்கள், அதிகாலை 4.10

படகு கிளம்ப இன்னும் நேரம் இருக்கிறது. அதற்குள் எழுதிவிடுகிறேன்.

துறைமுகம் பெரிதாகும்போதெல்லாம் அதற்கு விலை கொடுத்தது எங்கள் கரைதான். தெற்கேயிருந்து கடல் கொண்டுவரும் மணலைத் துறைமுகத்தின் கல்சுவர் தடுத்தது. சுவருக்குத் தெற்கே மணல் சேர்ந்து மெரினா அகலமானது. வடக்கே இராயபுரமும் திருவொற்றியூரும் கரைந்தன. எங்கள் பாட்டி வலை உலர்த்திய மணல்வெளி இன்று தண்ணீருக்குள் இருக்கிறது. இப்போது கருங்கல் கொட்டி, கடலுக்குள் நீளும் தூண்டில் வளைவுத் தடுப்புகள் போட்டு மிச்சத்தைக் காப்பாற்றுகிறோம். 2017 ஜனவரியில் எண்ணூர் அருகே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கரையேறியபோது வாளியால் அள்ளியவர்களில் நானும் ஒருவன். கை கழுவ ஒரு வாரம் ஆயிற்று. மீன் விலை திரும்ப எவ்வளவு நாளானது என்று சொன்னால் நம்பமாட்டீர்கள்.

பயணிகள் கப்பல் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கழிவுநீர் எங்கே போகிறது என்று யாராவது கேட்கிறீர்களா? கரையிலிருந்து பன்னிரண்டு கடல் மைலுக்கு அப்பால் சுத்திகரிக்காத கழிவையே சட்டப்படி விடலாம் என்கிறார்கள். நாங்கள் வலை போடுவதும் அங்கேதான். ஐயாயிரம் பேரின் கப்பல் வரட்டும் என்று மண்ணடிக்காரர் கூப்பிடுகிறார். அதற்கு முன்னால் கழிவை என்ன செய்வீர்கள் என்று அந்தக் கப்பலிடம் எழுதி வாங்க வேண்டும்.

கல்மண்டபம் அண்ணா, உங்கள் அம்மாவுக்கு ஒரு செய்தி. நம் ஊரைக் கடலிலிருந்து பார்க்க வேண்டும். இருட்டு பிரியும் நேரத்தில் முதலில் தெரிவது கலங்கரை விளக்கம். பிறகு துறைமுகத்தின் கிரேன்கள், ஒட்டகங்கள் நிற்பது போல. அதற்கு வடக்கே காசிமேட்டு விளக்குகள், இன்னும் வடக்கே எண்ணூர்ப் புகைபோக்கிகள். வீடுகள் எல்லாம் ஒரு கோடாகச் சுருங்கிவிடும். இருபது ஆண்டுகளாகப் பார்க்கிறேன், இன்னும் அலுக்கவில்லை.

கப்பல் சமையற்காரன் · திங்கள், மதியம் 1.30

இணையம் கிடைத்த நேரத்தில் எழுதுகிறேன். கொருக்குப்பேட்டைக்காரன், ஒன்பது ஆண்டுகளாகப் பயணிகள் கப்பல்களின் சமையற்கூடத்தில் இருக்கிறேன். இப்போது இருப்பது ஒன்றரை லட்சம் டன்னைத் தாண்டிய கப்பல்.

வேலை செய்பவனுக்குப் பெரிய கப்பல் நல்லதுதான். பதவி உயர்வு விரைவில் வரும், பேச்சுத் துணைக்கு நம் ஊர்க்காரர்கள் இருப்பார்கள், ஊழியர் உணவகத்தில் சாதமும் குழம்பும் கிடைக்கும். ஆனால் என் அறை நீர்மட்டத்துக்குக் கீழே இருக்கிறது. இருவருக்கு ஓர் அறை, சன்னல் கிடையாது. இருபத்து நான்கு மணி நேரத்தில் பத்து மணி நேரமாவது ஓய்வு தர வேண்டும், வாரத்துக்கு எழுபத்தேழு மணி என்பது 2006ஆம் ஆண்டுக் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கையின் விதி. விதியைத் திருப்பிப் படியுங்கள்: நாளொன்றுக்குப் பதினான்கு மணி நேரம் வரை வேலை வாங்க அதில் இடமிருக்கிறது. எட்டு மாத ஒப்பந்தத்தில் வார விடுமுறை என்று ஒரு நாள்கூடக் கிடையாது. கடலுக்கு நடுவே இருந்தும் கடலைப் பார்க்காத நாட்களே அதிகம்.

நம் பகுதிப் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்ல வேண்டும். முதல் வேலைக்காக ஓர் ஏஜென்ட்டிடம் என் அக்காவின் நகையை அடகு வைத்து இரண்டு லட்சம் கொடுத்து ஏமாந்தேன். வேலை வாங்கித் தரக் கப்பல் ஊழியரிடம் கட்டணம் வாங்குவதே அந்த உடன்படிக்கைப்படி தவறு. ஆளெடுக்கும் நிறுவனத்துக்குக் கப்பல் துறைத் தலைமை இயக்குநரகத்தின் உரிமம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். சி.டி.சி. என்னும் கப்பல் ஊழியர் பதிவுப் புத்தகமும் அடிப்படைப் பாதுகாப்புப் பயிற்சியும் உங்கள் பெயரில் நீங்களே எடுக்க வேண்டியவை. பணம் கேட்பவன் படியை மிதிக்காதீர்கள்.

தண்டையார்பேட்டைத் தமிழச்சி · திங்கள், மாலை 6.40

சமையற்காரத் தம்பி, எங்கள் அறையைச் சுத்தம் செய்த பையன் எப்போது தூங்கினான் என்று நான் கேட்கவே இல்லை. இதைப் படித்த பிறகு அது உறுத்துகிறது. கப்பலிலிருந்து இறங்கும்போது கையில் கொஞ்சம் பணம் கொடுத்தால் அது அவர்களுக்குப் போய்ச் சேருமா?

கப்பல் சமையற்காரன் · திங்கள், இரவு 11.50

கையில் கொடுப்பது வாங்கியவருக்கே சேரும், அக்கா. பெயரைக் குறிப்பிட்டுப் பாராட்டி எழுதிக் கொடுத்தால் அதுவும் அடுத்த ஒப்பந்தத்துக்கு உதவும். ஊழியர்களை ஊக்குவிக்க அதைப் பார்க்கிறார்கள்.

வண்ணை மாணவன் · செவ்வாய், காலை 8.15

ஒரு சந்தேகம். இவ்வளவு பேர் இருக்கும் கப்பலில் தீப்பிடித்தால் எல்லோரும் இறங்க முடியுமா?

எஞ்சின் அறை · செவ்வாய், காலை 10.30

நியாயமான கேள்வி. ஒயாசிஸ் கப்பலின் உயிர்காப்புப் படகு ஒன்றில் 370 பேர் ஏறலாம். படகே ஒரு சிறு கப்பல் என்று சொல்லலாம். ஆனால் படகு இருப்பது வேறு, முதியவர்களும் குழந்தைகளுமாக ஆயிரக்கணக்கானோர் இருட்டில் அதை அடைவது வேறு. 2012 ஜனவரியில் கோஸ்டா கான்கார்டியா பாறையில் மோதியது கரைக்குக் கூப்பிடு தூரத்தில். கப்பல் சாய்ந்ததும் சில படகுகளை இறக்கவே முடியாமல் போனது. 32 பேர் இறந்தார்கள். அதில் இருந்தவர்கள் நாலாயிரத்துச் சொச்சம் பேர்.

இத்தகைய ஆபத்தை எண்ணித்தான், அந்த விபத்துக்கு முன்பே, 2010 ஜூலை முதல் கட்டத் தொடங்கிய பெரிய பயணிகள் கப்பல்களுக்கு வேறொரு விதி வந்தது. தீயோ வெள்ளமோ குறிப்பிட்ட எல்லைக்குள் இருந்தால், கப்பல் தன் சொந்த எஞ்சினிலேயே துறைமுகம் திரும்ப முடிய வேண்டும். இரண்டு எஞ்சின் அறைகளைப் பிரித்து வைப்பது அதற்காகத்தான். கப்பலே தன் உயிர்காப்புப் படகு என்பது அதன் கருத்து. தொழில்நுட்பமாக அதை மதிக்கிறேன். ஆனாலும் முப்பது ஆண்டுகள் எஞ்சின் அறையில் நின்றவன் என்ற முறையில் சொல்கிறேன், கப்பல் பெரிதாகப் பெரிதாக எனக்குள் இருக்கும் பயமும் பெரிதாகிறது. ஏறியதும் நடக்கும் பாதுகாப்புப் பயிற்சியை ஒருவரும் தட்டிக்கழிக்காதீர்கள். அம்மா எந்தப் படிக்கட்டு வழியாக எந்த இடத்துக்குப் போக வேண்டும் என்பதை முதல் நாளே நடந்து பார்த்துவிடுங்கள்.

கல்மண்டபம் · புதன், இரவு 9.15

எல்லோருக்கும் நன்றி. நேற்று இரவு சாப்பாட்டுக்குப் பிறகு இந்த இழை முழுவதையும் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். ரஜூலா பற்றி ஹார்பர் ஐயா எழுதியதைக் கேட்டு, அம்மாவின் பெரியப்பாவும் அதில்தான் போனார், திரும்பி வரவில்லை என்றார். எழுபது ஆண்டுகளில் இதை எங்களிடம் சொன்னதே இல்லை. சமையற்காரத் தம்பியின் அறைக்குச் சன்னல் இல்லை என்ற இடத்தில் நிறுத்தச் சொன்னார். சற்று நேரம் பேசவில்லை.

காசிமேட்டுத் தம்பி எழுதியதை மட்டும் இரண்டாம் முறை வாசிக்கச் சொன்னார். பிறகு கேட்டார்: "சிங்கப்பூர்க் கப்பலில் போனால் நம் கரை தெரியுமா?"

தெரியாது என்றேன்.

"அப்புறம் எதற்கு?" என்றார். இத்தனை காலம் கரையிலிருந்து கப்பலைப் பார்த்தவருக்கு, கப்பலிலிருந்து கரையைப் பார்க்க வேண்டுமாம். அவ்வளவுதான் ஆசை. நீச்சல் குளமும் வேண்டாம், நாடகமும் வேண்டாம். தம்பியிடம் சொன்னேன், அவனும் ஒப்புக்கொண்டான்.

ஆகவே கேள்வி மாறிவிட்டது. சென்னையிலிருந்து புறப்படும் கப்பல்தான் வேண்டும். சொகுசுக் கப்பல் தை மாதத்தில் இங்கிருந்து போகுமா என்று விசாரித்துக்கொண்டிருக்கிறேன். இல்லையென்றால் அந்தமான் கப்பலில் அம்மாவை அழைத்துப் போகலாமா?

பழைய ஹார்பர் · வியாழன், காலை 6.30

போகலாம். ஆனால் போர்ட் பிளேயருக்கு ஏறக்குறைய மூன்று நாள், முன்பின் ஆகலாம். பொதுக் கூடத்தில் அடுக்குப் படுக்கை தரும் பங்க் வகுப்பு வேண்டாம், கேபின் எடுங்கள். நான் போனபோது படிகள் செங்குத்தாக இருந்தன. அம்மாவின் முழங்கால் தாங்குமா என்று ஏறுவதற்கு முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். திரும்பும்போது விமானத்தில் வந்துவிடலாம். தையில் வாடைக்காற்று தணியத் தொடங்கியிருக்கும், ஆனாலும் முதல் நாள் தலை சுற்றும். எலுமிச்சையும் சுக்கும் கையில் இருக்கட்டும். கப்பல் தேதிகளை வெகு நாள் முன்னதாக அறிவிக்கமாட்டார்கள். ராஜாஜி சாலையில் டிக்கெட் கொடுக்கும் அலுவலகத்துக்கு நேரில் ஒரு நடை போய்க் கேளுங்கள்.

காசிமேட்டுக்காரன் · வியாழன், பிற்பகல் 3.05

துறைமுக வாயைத் தாண்டும்போது அம்மாவை உள்ளே உட்கார வைத்துவிடாதீர்கள். கரை பார்த்த பக்கத் தளத்தில் நாற்காலி போட்டு உட்கார வையுங்கள். பகலில் கிளம்பினால் வடக்குப் பக்கம் முதலில் தெரிவது எங்கள் படகுகள். நாளையும் நேரத்தையும் இங்கே எழுதுங்கள். அன்றைக்கு நான் கடலில் இருந்தால் படகில் சிவப்புத் துணி கட்டியிருப்பேன், அம்மாவிடம் சொல்லி வையுங்கள்.